ஆறாவது தேர்தலும் பதினோரு பற்களும்

அன்பு மச்சான் அவர்களுக்கு உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அக்காவும் என் வாயில் மீதியிருக்கும் இருபத்தொரு பற்களும் நலம். அங்கே நீங்களும் வீட்டாரும் உங்கள் அச்சகமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பல்லை எதற்கு இந்த மனுஷன் கணக்கெடுத்து எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். காரணம் கீழே வருகிறது. நீங்கள் கேட்ட கட்டுரை இன்னும் வந்து சேராததற்கும் அதேதான் காரணம்.

நம் நாடாளுமன்றத் தொகுதியை மூன்று துண்டாக வெட்டி அக்கம்பக்கத்துத் தொகுதிகளோடு ஒட்டிவிட்டார்கள், அடுத்த தேர்தலில் அப்படி ஒரு தொகுதியே இருக்காது, ஆகவே அதற்கு ஒரு நினைவு மலர் போடுகிறேன், பதினான்கு தேர்தல்களின் வரலாற்றையும் அத்தான்தான் எழுத வேண்டும், தேர்தல் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவர் வேறு யார் இருக்கிறார்கள், ஆறு பக்கத்துக்கு மிகாமல், கொஞ்சம் சிரிக்கும்படியாக இருந்தால் நல்லது என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்து எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உங்கள் அக்காவிடம் காட்டினேன். "சிரிக்கும்படியாவா? நீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவள் அப்படிச் சொன்ன வீறாப்பில் முதல் ஐந்து தேர்தல்களை இரண்டே நாளில் எழுதி முடித்தேன். முதல் தேர்தலில் ஜெயித்தவர் மரக்கடைக்காரர். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டித் தருவதாகச் சொல்லி ஜெயித்தார். இரண்டாவது தேர்தலில் அடிக்கல்லைக் காட்டி ஜெயித்தார். மூன்றாவதில் தண்ணீருக்கு நடுவே நின்ற நான்கு தூண்களைக் காட்டி ஜெயித்தார். நான்காவது தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னால் பாலத்தை முழுசாகக் கட்டித் திறந்தே வைத்துவிட்டார், தோற்றுப்போனார். ஜனங்களுக்கு இனி அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. அக்கரையிலிருந்த வக்கீல் அந்தப் பாலத்தின் மேலேயே நடந்து வந்து ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். வக்கீல் கெட்டிக்காரர். பாலத்துக்கு விளக்குப் போடுகிறேன் என்று ஆரம்பித்து, பாதிப் பாலத்துக்குப் போட்டு நிறுத்திக்கொண்டு, மீதி இருட்டை வைத்தே ஐந்தாவது தேர்தலையும் ஜெயித்தார். இதுவரைக்கும் சிரிப்பு தானாக வந்தது. ஆறாவது தேர்தலுக்கு வந்தேன். பேனா நின்றது. நின்று இன்றோடு மூன்று வாரம் ஆகிறது.

ஆறாவது தேர்தலின் முடிவு உங்களுக்குத் தெரியும், நம் தொகுதியில் எல்லோருக்கும் தெரியும். மரக்கடைக்காரரின் மருமகன் ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்றவர் நம் பல் டாக்டர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. மேடையில் பேசத் தெரியாது. ஊர் ஊராகப் போய் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னார். "நாம குடிக்கிற தண்ணியிலதான் கோளாறு. பிள்ளைங்களுக்குப் பல்லு பழுப்பா முளைக்கிறது அதனாலதான். தண்ணியைச் சுத்தம் பண்ண ஒரு நிலையம் வரணும். வந்தா எனக்குப் பாதித் தொழில் போயிடும். போகட்டும்." தன் கடையை மூடுவதற்காக ஓட்டுக் கேட்டவர் பதினான்கு தேர்தல்களிலும் அவர் ஒருவர்தான். நான் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அலுவலக ஊழியன் இதை வெளியே சொல்லக்கூடாது, இப்போது சொல்கிறேன். ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிவிட்டது, யார் என்ன செய்துவிட முடியும்?

இனிமேல் எழுதுவதை நாற்பத்திரண்டு வருடமாக வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் தேர்தலில் வாக்கு எண்ணியவர்களில் நானும் ஒருவன். பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் நீளநீளமாக மேசை போட்டுக் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். அந்தக் காலத்து முறை இது: எண்ணுகிறவர் ஐம்பது சீட்டுகளை எண்ணி, மேலே ஒரு துண்டுக் காகிதம் வைத்துக் கையெழுத்துப் போட்டு, எதிரே இருப்பவரிடம் தள்ளுவார். எதிரே இருப்பவர் சரிபார்ப்பவர். அவர் இன்னொரு தடவை எண்ணி, தன் கையெழுத்தையும் போட்டு ரப்பர் மாட்டுவார். இரண்டு கையெழுத்து விழுந்துவிட்டால் அது கட்டு. அதற்குப் பிறகு கட்டுகளைத்தான் எண்ணுவார்களே தவிர, உள்ளே இருக்கும் சீட்டுகளை யாரும் தொடமாட்டார்கள். எடுத்த சீட்டைப் பெட்டியில் போடாமல் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் இருப்பதால் மொத்தக் கணக்கில் ஒன்றிரண்டு இடிக்கும், அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆக, எல்லாமே அந்த இரண்டு கையெழுத்தில்தான் நின்றது.

எனக்கு எதிரே சரிபார்க்க உட்கார்த்தப்பட்டவர் ஒரு ஐந்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர். அவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் அவருடைய தம்பி. எண்ணிக்கொண்டிருக்கும்போது பேசக்கூடாது என்று உத்தரவு. காலையிலிருந்து பத்தரை மணி வரைக்கும் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு என்ன எண்ணுகிறோம் என்பதே சரியாக ஓடவில்லை. விரல் நனைக்க ஈரப்பஞ்சு வைத்த கிண்ணம் ஒன்று எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது. மருமகனுடைய சீட்டுகளை நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், முப்பத்தாறு, முப்பத்தேழு, அப்போது எதிரிலிருந்து, "அந்தப் பஞ்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்களேன்" என்று ஒரு குரல். அதுதான் உங்கள் அக்கா என்னிடம் பேசிய முதல் வாக்கியம். கிண்ணத்தைத் தள்ளினேன். நிமிர்ந்து பார்த்தேன். திரும்பக் குனிந்தபோது கையிலிருந்த சீட்டு முப்பத்தேழா முப்பத்தெட்டா என்று தெரியவில்லை.

மறுபடியும் முதலிலிருந்து எண்ணியிருக்க வேண்டும். அதுதான் விதி, அதைச் சொல்லித்தான் சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் அந்த டீச்சர் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். முதல் தடவை பேசியதற்கே இவனுக்கு எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது என்று அவள் நினைப்பதை என்னால் தாங்க முடியாது போலிருந்தது. முப்பத்தெட்டு என்று வைத்துக்கொண்டு மேலே எண்ணி, ஐம்பது என்று கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன். உள்ளே ஐம்பதா நாற்பத்தொன்பதா என்பது எனக்குத் தெரியாது. அவள்தான் மறுபடி எண்ணுவாளே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மாலை நான்கு மணிக்கு முடிவு வந்தது. மருமகன் ஒரு வாக்கு அதிகம். கூடம் முழுக்க ஒரே கூச்சல். அதிகாரி எல்லாக் கட்டுகளையும் மறுபடி எண்ணச் சொன்னார். கட்டுகள் சரியாக இருந்தன. பிறகு பல் டாக்டரைக் கூப்பிட்டு, "கட்டுகளைப் பிரிச்சு எண்ணணுமா? நீங்க கேட்டா செய்றேன்" என்றார். டாக்டர் எங்கள் மேசையின் பக்கமாகத்தான் நின்றிருந்தார். எங்களைப் பார்த்தார். "ரெண்டு ரெண்டு கையெழுத்து இருக்கு இல்ல? பிள்ளைங்க ஒழுங்காத்தான் எண்ணியிருப்பாங்க. விடுங்க" என்றார். ஜெயித்தவரின் கையைக் குலுக்கிவிட்டு வெளியே நடந்தார். மறுநாள் பத்திரிகைகள் எல்லாம் அவருடைய பெருந்தன்மையைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தன. அடுத்த வருடம் எனக்கும் அந்த டீச்சருக்கும் கல்யாணம். அந்தத் தேர்தலால் நேரடியாக நன்மை அடைந்தவர்கள் மருமகனும் நானும்தான்.

மருமகன் அப்புறம் நான்கு தடவை தொடர்ந்து உறுப்பினராக இருந்தார். கெட்டவர் இல்லை. தண்ணீர் நிலையத்தை அவரும் கொண்டுவந்தார், மாமனார் பாலம் கட்டிய வழியிலேயே: ஏழாவது தேர்தலில் சொன்னார், எட்டாவதில் அடிக்கல் வைத்தார், ஒன்பதாவதுக்குக் கொஞ்சம் முன்னால் திறந்தார். ஆறாவது தேர்தலிலிருந்து கணக்குப் பார்த்தால் மொத்தம் பதினான்கு வருடம். அந்தப் பதினான்கு வருடத்துக்கு நடுவில்தான் என் மகளுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தது. ஏழு வயது. முளைத்த பற்கள் பழுப்பு. வகுப்பில் போட்டோ எடுத்த அன்று எல்லாக் குழந்தைகளும் சிரிக்க, இவள் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். அந்த போட்டோவை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். நான்தான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை உங்கள் அக்கா மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பத்து வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். "அந்தக் கட்டு... நான் பஞ்சைத் தள்ளினேனே, அப்ப எண்ணிக்கிட்டிருந்த கட்டு. நீ எண்ணினேதானே?"

அவள் நிமிரவில்லை. "நான் எங்க எண்ணினேன்? உங்க கையெழுத்து இருந்துச்சு. நானும் போட்டேன்."

மச்சான், படிக்கட்டு ஏறினால்கூட மனசுக்குள் படியை எண்ணிக்கொண்டு ஏறுகிறவள் உங்கள் அக்கா. துணி காயப்போட்டால் கிளிப்பை எண்ணுவாள். அப்பேர்ப்பட்டவள் அந்த ஒரு கட்டை எண்ணவில்லை. நானும் ஒழுங்காக எண்ணவில்லை. இரண்டு பேர் கையெழுத்தையும் நம்பி ஒரு மனுஷன் கையைக் குலுக்கிவிட்டுப் போயிருக்கிறார். என் மகள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். அவள் மட்டுமா, அவளுடைய வகுப்பில் பாதிப் பேர்.

அதற்குப் பிறகு நான் செய்தது புத்திசாலித்தனம் என்று சொல்லமாட்டேன். மகளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனபோது எனக்கும் ஒரு கடைவாய்ப்பல் வலித்துக்கொண்டிருந்தது, பிடுங்கினார். வெளியே வந்தபோது நெஞ்சில் ஏதோ கொஞ்சம் இறங்கினது போலிருந்தது. ஏதோ கொஞ்சம் கொடுத்துவிட்டேன் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதி இரண்டு மூன்று வருடம் தாங்கும். பிறகு ஏதாவது ஒரு தேர்தல் வரும், மேசை போடுவார்கள், பஞ்சுக் கிண்ணத்தைப் பார்ப்பேன், மறுபடியும் போவேன். இல்லாத வலியை எல்லாம் சொன்னேன். எட்டாவது பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையேப்பா" என்றார். "உங்களுக்குத் தெரியாது டாக்டர், உள்ளுக்குள்ள இருக்கு" என்றேன். அது பொய் இல்லை. இப்படி முப்பத்திரண்டு வருடத்தில் பதினோரு பல். பத்தாவது தேர்தலிலிருந்து இயந்திரம் வந்துவிட்டது. எதிரே யார் வந்து உட்கார்ந்தாலும் இயந்திரத்துக்குக் கணக்கு விட்டுப்போவதில்லை. அதைப் பார்த்தபோதும் ஒரு பல் போனது.

இப்போது உங்கள் மலர். பதினான்கு தேர்தலின் முடிவுகளையும் நான் என் கையால் எழுத வேண்டும், அச்சாகும், தொகுதி போன பிறகும் அந்தக் காகிதம் இருக்கும். ஆறாவது தேர்தலுக்கு நேராக 'வித்தியாசம்: ஒரு வாக்கு' என்று எழுதினால் அது மூன்றாவது கையெழுத்து. ஆகவே எழுதுவதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவருக்கு இப்போது எழுபத்தேழு வயது, காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் கிளினிக்கைத் திறக்கிறார். முதல் நாள் போனேன். நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணாடியையும் கம்பியையும் உள்ளே விட்ட பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. "ஆ... ஆஆவது... எஏஏஅல்ல..." என்றேன். "அங்கயா வலிக்குது?" என்று கேட்டு இன்னும் அழுத்தினார். இரண்டாம் தடவை அவர் வாயைத் தொடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடத் தீர்மானித்து நாற்காலியில் உட்காராமல் நின்றேன். நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து, நின்றபடியே மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டார். நாக்கு மூன்று மணி நேரம் எனக்குச் சொந்தமாக இல்லை. மூன்றாவது தடவை எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கிடைக்காமல், "பழைய மருந்துச் சீட்டா? ஃபைல்ல வெச்சிடறேன்" என்று உள்ளே வைத்துவிட்டார். அது இன்னும் என் ஃபைலில்தான் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நாற்காலியில் உட்கார்ந்து, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "டாக்டர், கையை எடுக்கறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேக்கறேன்னு சொல்லுங்க" என்றேன். அவர் கம்பியைத் தட்டில் வைத்துவிட்டு உருளும் ஸ்டூலில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சு, முப்பத்தேழு, உங்கள் அக்கா எண்ணாதது, எல்லாம்.

"முப்பத்தேழா முப்பத்தெட்டான்னு இன்னிக்கு வரைக்கும் உனக்குத் தெரியாதா?"

"தெரியாது டாக்டர்."

"அதுக்காகவா இத்தனை பல்லு?"

"ஆமா."

சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, கையுறையைக் கழற்றித் தட்டில் வைத்தார்.

"அதுல ஒண்ணு குறைஞ்சிருந்தாலும் ரெண்டு பேரும் சமம்தானப்பா. சீட்டுக் குலுக்கிப் போட்டிருப்பாங்க. அதனால உன் தப்பு பாதிதான். மீதிப் பாதியை நான் சொல்றேன், கேளு. பிரிக்கட்டுமான்னு அதிகாரி என்னைத்தானே கேட்டாரு? பிரிங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்லலை. பெருந்தன்மைன்னு எழுதினாங்க. பெருந்தன்மையும் இல்லை, ஒண்ணும் இல்லை. பயம். ஜெயிச்சுட்டா அங்க போய் நிக்கணும், சொன்னதைச் செய்யணும். செய்ய முடியலைன்னா? தோத்துட்டா பேசாம வந்து கிளினிக்கைத் திறந்துடலாம். அன்னிக்குச் சாயங்காலம் அஞ்சரைக்கே திறந்துட்டேன். முதல்ல வந்தது ஒரு குழந்தை. வாயைத் திறந்து காட்டுச்சு பாரு..." கம்பியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். வெளியே வரும்போது பழக்கதோஷத்தில் பன்னிரண்டாவது பல்லுக்கு வரும் வியாழக்கிழமை காலைக்கு நேரம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மச்சான், இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒரு தொகுதி எழுபது வருடம் இருந்திருக்கிறது. லட்சக்கணக்கான பேர் வெயிலில் நின்று ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அதனுடைய விதியை ஒருநாள் தீர்மானித்தது யார் என்று பார்த்தால், எண்ணிக்கை விட்டுப்போனதைச் சொல்ல வெட்கப்பட்ட ஒருவன், எண்ணாமல் கையெழுத்துப் போட்ட ஒருத்தி, ஜெயித்துவிடுவோமோ என்று பயந்த ஒருவர். இதை எழுதினால் மலர் நாறிப்போகும். எழுதாவிட்டால் நான் நாறிப்போவேன். 'வித்தியாசம்: சரியாகத் தெரியவில்லை' என்று போட முடியுமா? போடுவது என்றால் என் பெயரையும் கூடவே போடுங்கள். உங்கள் அக்காவின் பெயர் வேண்டாம். அவள் மேல் எந்தப் பழியும் வரக்கூடாது, அது ஒன்றுதான் என் வேண்டுகோள். மீதிக் கட்டுரை இத்துடன் இருக்கிறது, ஆறாவது இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

வழக்கம்போல் கடைசியில் உங்கள் அக்கா இரண்டு வரி எழுத இடம் விட்டிருக்கிறேன். இந்தத் தடவை காகிதத்தை மடித்து, கீழ்ப்பக்கத்தை மட்டும் காட்டி, மேலே படிக்காமல் எழுதச் சொல்லப்போகிறேன். குழந்தைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நோய்நொடியில்லாமல், முப்பத்திரண்டு பல்லோடும் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுகிறேன். மேலே படிக்காமல் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி அத்தான் காகிதத்தை மடித்து நீட்டினார். நான் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. எண்ணாமலும் போட்டதில்லை.

அந்தக் கட்டை எண்ணினேன். நாற்பத்தொன்பது இருந்தது. மறுபடியும் எண்ணினேன், அப்போதும் நாற்பத்தொன்பது. குனிந்து பார்த்தால், அவர் தள்ளிய பஞ்சுக் கிண்ணத்தின் அடியில் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சீட்டு. எடுத்துப் பார்த்தேன். மருமகனுக்கு விழுந்த ஓட்டு. நானும் டாக்டருக்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தேன் தம்பி. அந்தச் சீட்டை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு, ஒன்று குறைகிறது என்று கட்டைத் திருப்பித் தள்ளியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எதிரே இருந்தவர் சீட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூச்சு விடும் நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு கட்டில் வைத்து, ஐம்பது என்று கையெழுத்துப் போட்டேன். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான் வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

நான் செய்தது சரி. இன்றைக்கு உட்கார வைத்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் மகள் அந்த போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்த அன்று, அவளுடைய தலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆமாம், நான்தான் எடுத்துச் சேர்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணவே இல்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கு இவர் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. பல்லில் ஏதோ பரம்பரைக் கோளாறு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமைக்கு முன்னால் நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன். இருபத்தொரு பல்லாவது மிஞ்சட்டும். ஆறாவது தேர்தலுக்கு எதிரே காலியாக விட்டிருக்கும் இடத்தில் ஒரு வாக்கு என்றே போடு. அது சரிதான். நான் எண்ணினேன்.